நிற்காத வண்டி

காருக்கு எஞ்சின் ஆயிலை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். நான் நாலாயிரத்திலேயே மாற்றிவிடுவேன். எங்கள் பக்கம் செம்மண் புழுதி, வண்டியும் வயதானது. கொஞ்சம் முன்கூட்டியே கவனித்துவிட்டால் பிறகு பெரிய செலவு வைக்காது.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், அய்யா, உங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என் வண்டியைப் பற்றி எழுதிக் கொடுத்திருப்பது தவறு. பெட்ரோல் பம்ப் செயலிழந்துவிட்டது, வண்டியின் வயதுதான் காரணம், இனி சாலையில் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ஊரே பேசுகிறது. என் அண்ணன் மகன் கவியரசனின் மனைவி இளமதியைப் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும்போது என் ஓட்டை வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, அதனால்தான் அவள் செத்தாள் என்கிறார்கள். அவளுடைய அப்பா குளத்தூரிலிருந்து வந்து உங்களிடம் புகார் கொடுத்ததும் அப்படித்தான். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வண்டியைச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் கூப்பிடாமலே நான் ஸ்டேஷனுக்கு வந்திருப்பது அதற்காகத்தான்.

என் பெயர் ஆத்மநாதன். மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரீடிங் எடுக்கிறவனை எந்த வீட்டிலும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். நாயைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். "இங்கிட்டு இருக்கு பெட்டி" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கரண்ட் பில் கூடினால் நான்தான் கூட்டிவிட்டேன் என்பார்கள். வெயிலில் வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்த வீடுகளை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ரொம்பக் கொஞ்சம் என்பதால் நினைவில் வைத்திருப்பது சிரமமில்லை.

வண்டி எஸ்டீம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதுக்கோட்டையில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்து, புது வண்டி வாங்கும்போது என் தலையில் கட்டினார். வாங்கி வந்த அன்று தெருவே சிரித்தது. முன்பக்க சஸ்பென்ஷன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகியது, ஏ.சி. அனல் காற்று விட்டது, இடது கண்ணாடி பாதியில் இறங்கி அங்கேயே நின்றது. நான் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. ஒரு மாதம் சஸ்பென்ஷன் புஷ், ஒரு மாதம் ரேடியேட்டர் குழாய். திருச்சியில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்குப் பஸ்ஸில் போய், வெயிலில் குந்தி உட்கார்ந்து தேடி, அதே மாடல் கண்ணாடி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தேன். டைமிங் பெல்ட், கிளட்ச் மாதிரி கை மீறிய வேலை என்றால் மட்டும் திருக்கோகர்ணத்தில் ஜெரால்டு பட்டறைக்குப் போவேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் பார்ப்பேன். ஜெரால்டுக்கு அது பிடிக்காது. "நம்பிக்கை இல்லாட்டி நீங்களே மாட்டிக்கங்கய்யா" என்பார். நான் எழுந்திருக்கமாட்டேன்.

அப்புறம்தான் சின்னச் சின்ன அலங்காரம். மஞ்சளித்துப் போன ஹெட்லைட்டைத் தேய்த்துத் துலக்கி வெள்ளை பல்பு போட்டேன். போனிலிருந்து பாட்டு வருகிற மாதிரி ஸ்டீரியோ. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தாலும் அமுங்காத ஸ்பிரிங். மயில்தான் பெரிய தொல்லை. பாலிஷ் போட்ட கதவில் தன்னையே பார்த்து வேறு மயில் என்று நினைத்துக் கொத்தும். என் மனைவி பிரகதீஸ்வரியின் பழைய சேலைகளை ஒட்டுத் தைத்து முழு உறை செய்தேன். "எனக்கு ஒரு சேலை எடுத்தா அதுக்கு ரெண்டு போகுதுங்க" என்று அவள் கேலி செய்வாள். அந்தக் கேலியில் எனக்குச் சந்தோஷம்தான். பெட்ரோல் பம்பைக்கூடப் போன வருஷம், பழையது கெட்டுப்போவதற்கு முன்பே மாற்றினேன். இதை உங்கள் இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள்.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டி ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை.

கல்யாண வண்டி ஆனது தற்செயல். ஒரு முகூர்த்தத்துக்குப் பெண் அழைக்கச் சொல்லி வைத்திருந்த வண்டி வராமல் போக, என்னிடம் ஓடி வந்தார்கள். அந்தப் பெண் வருஷம் திரும்புவதற்குள் பிள்ளை பெற்றாள். அடுத்து என் வண்டியில் வந்தவளுக்கு இரட்டை. அதற்கடுத்தவளுக்கு ஜாதகத்தில் தோஷம் என்று பேச்சு, அவளுக்கும் உடனே கரு நின்றுவிட்டது. அவ்வளவுதான், ஆத்மநாதன் வண்டியில் ஏறி வந்தால் மடி நிறையும் என்று ஊர் ஊராகப் பரவிவிட்டது. கல்யாண வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டோடு வருவார்கள். தட்டை என் கையில் கொடுப்பதற்கு முன் பானெட்டின் மேல் ஒரு நிமிஷம் வைத்து எடுப்பார்கள். நான் வாடகை வாங்கமாட்டேன். சொந்தப் போர்டு வண்டி, வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. டேங்கை நிரப்பிவிடுவார்கள், வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். நாயைப் பிடித்துக்கொண்ட அதே வீடுகளில் எனக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிரகதீஸ்வரியை யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆரத்தித் தட்டு அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகும். வளைகாப்பு என்றால் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டு விடுவார்கள். அதே வாசலில் என் வண்டிக்குச் சுற்றிப் போடுவார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் மாலை போட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது அந்த எரிச்சல் அடங்கிவிடும். பொய் சொல்ல வரவில்லை, அதனால் இதையும் சொல்கிறேன்.

இளமதியும் என் வண்டியில் வந்த பெண்தான். பி.எட். படித்தவள், தெளிவாகப் பேசுவாள். கவியரசன் கல்யாணம் முடிந்ததும் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிவிட்டான். இவளுக்கும் வண்டியின் ராசி பொய்க்கவில்லை. வளைகாப்பு அன்று சபை நடுவில், "மொத வளையல சின்னத்தை போடட்டும்" என்றாள். சின்னத்தை என்பது பிரகதீஸ்வரி. இளமதியின் மாமியார், அதாவது என் மதினி அழகம்மாள், முகம் சுருங்கி, "அவ சாப்புட வருவாத்தா, நீ கைய நீட்டு" என்று மழுப்பினார். இளமதி கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. "அவங்க போட்டாத்தான் நீட்டுவேன்." ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். பிரகதீஸ்வரி போய் வளையல் போட்டுவிட்டு வந்து கொல்லையில் நின்று வெகுநேரம் அழுதாள். நன்றி மறக்கிறவன் இல்லை நான்.

இங்கே மரியசெல்வத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆதனக்கோட்டைப் பக்கம், என்னைப் போலவே கல்யாணத்துக்கு வண்டி விட்டவர், இளகிய மனசு. நெஞ்சுவலி என்று ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போனார். வழியிலேயே, பின் சீட்டிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஒரு பெண்ணும் ஏறவில்லை. சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்தார், சீட்டை முழுக்க மாற்றினார், நிறத்தைக்கூட மாற்றிப் பார்த்தார். பெண் வீட்டார் கேட்பது ஒன்றுதான், "அந்த வண்டியா?" இப்போது பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் கோழித் தீவனம் ஏற்றுகிறார். சாவு ஏறின வண்டியில் மணப்பெண் ஏறமாட்டாள். இது நான் உண்டாக்கின சட்டம் இல்லை.

அதனால் நோயாளிகளை ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன். அடித்துப் பேசமாட்டேன். "பேட்டரி எறங்கிக் கெடக்குங்க" என்று வருத்தமாகச் சொல்வேன். எதிர் வீட்டு முனியசாமிக்கு மார் வலி வந்தபோதும் அதைத்தான் சொன்னேன். 108 வந்து ஏற்றிப்போனது. அவர் இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஆக என்னால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

சித்திரையில் ஒரு பெரிய கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். கந்தர்வக்கோட்டையில் முந்திரி மண்டி வைத்திருப்பவர் வீடு. மாப்பிள்ளை அரவிந்த்குமார், ஒரே பையன். அவர்கள் வாசலில் புது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் மருமகள் என் வண்டியில்தான் வந்து இறங்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மாவே நேரில் வந்தார். தட்டைப் பானெட்டில் வைத்தவர், பிரகதீஸ்வரியைப் பார்த்து, "நீங்களும் முன் சீட்ல உக்காந்து வரணும், ராசிக்கார வண்டிக்குச் சொந்தக்காரவுங்க நீங்கதான" என்றார். இப்படி ஒருவர் அவளிடம் சொன்னதே இல்லை. அன்று ராத்திரி அவள் பட்டுச்சேலையை எடுத்து உதறி வெளியில் வைத்தாள். பிறகு நடந்ததை நான் அவளுக்காகவும் செய்தேன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம். அழகம்மாளுக்குத் துணையாக இளமதியும் காட்டுக்குப் போயிருக்கிறாள். சருகுக்குள் கிடந்த நல்ல பாம்பு கணுக்காலில் போட்டுவிட்டது. யாரோ பைக்கில் நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் வண்டிக்கு வேக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவே திரண்டு வந்து என் வாசலில் நின்றது.

நான் நியாயமாகத்தான் சொன்னேன். "108-க்குச் சொல்லுங்க மதினி. அதுல ஆக்சிஜன் எல்லாம் இருக்கும், கூட நர்ஸும் வருவாங்க."

"கண்ணு முன்னாடி வண்டி நிக்குது, அது எப்ப வந்து எப்பப் போறது தம்பி? எடுங்க தம்பி, ஒங்க கால்ல விழுறேன்" என்றார் அழகம்மாள்.

பேட்டரி என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பிரகதீஸ்வரி உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்து மூடினாள். காலையில் நான் வண்டியைக் கிளப்பிப் பார்த்ததை அவள் பார்த்திருந்தாள். அழகம்மாள் கொண்டுவந்த குழந்தையை, இளமதியின் ஒரு வயதுப் பெண்ணை, இடுப்பில் வாங்கிக்கொண்டாள். "போங்க, வெரசாப் போங்க" என்றாள். அத்தனை பேர் பார்க்கும்போது வேறு என்ன செய்ய முடியும்?

இளமதி பயப்படவில்லை. காலைக் கட்டப்போனவர்களை, "கட்டாதீங்க, ஆட்டாம வச்சாப் போதும்" என்று தடுத்தாள். பின் சீட்டில் சாய்ந்து, மாமியார் மடியில் தலை வைத்துக்கொண்டாள். வண்டி அன்றைக்கு ஓடியது போல் என்றைக்கும் ஓடியதில்லை. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. ஏ.சி. ஜில்லென்று வந்தது. ஆதனக்கோட்டை முந்திரிக் கடைகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இந்த வேகத்துக்கு ஆஸ்பத்திரி எட்டிவிடும் தூரம்தான். அப்போது நானும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஓட்டினேன். அதை நீங்கள் நம்பவேண்டும்.

"சின்ன மாமா, ரோடு ரெண்டாத் தெரியுது" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். இமை பாதி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முழுக்க மூடிவிட்டது. "பாப்பா" என்று ஏதோ ஆரம்பித்தாள், குரல் மூக்கால் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. தலை துவண்டு வண்டி திரும்புகிற பக்கமெல்லாம் திரும்பியது. "ஏத்தா, கண்ணத் தொறத்தா, அம்மாவப் பாருத்தா" என்று அழகம்மாள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் அப்பா போகும்போதும் இப்படித்தான் இமை இறங்கியது. இவள் போய்விட்டாள், இல்லையென்றால் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

ஓட்டிக்கொண்டே யோசித்தேன். பதற்றமில்லாமல்தான் யோசித்தேன். இவள் மணப்பெண்ணாக வந்து இறங்கிய வண்டி. இந்த வண்டியின் ராசிக்கு ஊரில் காட்டுகிற சாட்சியே இவள்தான். இவளே இதில் செத்தால் மரியசெல்வத்துக்கு ஆனதைப் போல நூறு மடங்கு பேசுவார்கள். முந்திரி மண்டிக்காரர் வீட்டில் வண்டி வேண்டாமென்று மறுநாளே ஆள் விடுவார்கள். பிரகதீஸ்வரி பட்டுச்சேலையை மடித்து உள்ளே வைப்பாள், பழையபடி கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்பாள். ஒரு சாவு நடக்கத்தான் போகிறது. எங்கே நடக்கிறது என்பது மட்டும் என் கையில் இருந்தது.

டிரைவர் சீட்டுக்கு அடியில், இடது பக்கம், கால்மிதி மேட்டைத் தூக்கினால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து நானே வைத்தது. பெட்ரோல் பம்புக்குப் போகிற வயரை அது துண்டித்துவிடும். என்னைத் தவிர பிரகதீஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். பெருங்களூர் தாண்டித் தைலமரக் காடு வருகிற இடத்தில் இடது கையைக் கீழே விட்டேன். வண்டி இரண்டு முறை விக்கியது. ஓரமாக ஒதுக்கி ஹேண்ட் பிரேக் போட்டேன்.

"என்ன தம்பி, என்னாச்சு தம்பி?"

"பெட்ரோல் ஏற மாட்டேங்குது மதினி. நின்னுபோச்சு." இறங்கிப் பானெட்டைத் திறந்து வைத்தேன். "மொதல்ல புள்ளைய எறக்குங்க. உள்ள புழுக்கமா இருக்கு, காத்துப் படட்டும்."

"எதுக்கு எறக்கணும்? வேற வண்டி வரட்டும், அப்புறம் எறக்குவோம்."

"எறக்கி வச்சாத்தான் வர்ற வண்டியில சட்டுனு ஏத்த முடியும்."

அவர் என்னை நம்பினார். நான் சொன்னதும் தப்பான யோசனை இல்லையே. இரண்டு பேருமாகத் தூக்கித் தைலமரத்தடியில், ரோட்டோரம், அவளுடைய சேலைத் தலைப்பை விரித்துப் படுக்க வைத்தோம். தைலமரத்துக்கு நிழல் கிடையாது. நான் என் துண்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அழகம்மாள் நடு ரோட்டில் தலைவிரிகோலமாக ஓடி, வருகிற வண்டிக்கெல்லாம் கையை ஆட்டினார். ஒரு கார் ஒதுங்கிப் போனது. பைக்குகள் நின்றன, ஆனால் படுத்த மனுஷியைப் பைக்கில் எப்படி ஏற்றுவது? எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் முழுக்க என் வண்டி பக்கத்திலேயே நின்றது. சுவிட்சைத் தட்டியிருந்தால் முதல் திருப்பிலேயே கிளம்பியிருக்கும். அவ்வளவு நல்ல வண்டி அய்யா அது.

கடைசியில் பலாப்பழம் ஏற்றிய ஒரு மினி லாரி, குட்டி யானை என்பார்களே அது, நின்றது. ஓட்டி வந்தவன் சார்லஸ் என்று அப்புறம் தெரிந்தது. அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்து பழங்களை ரோட்டோரத்தில் உருட்டித் தள்ளினான். சில பழங்கள் உடைந்தன. இளமதியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "நீங்களும் ஏறுங்கய்யா" என்றான்.

"வண்டிய அத்துவானத்துல விட்டுட்டு எப்புடிப்பா வாரது" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினான். ஹாரன் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது. உடையாத பழங்களை நான் பொறுக்கி மரத்தடியில் சேர்த்து வைத்தேன். அவன் பிழைப்பு, வீணாகப் போகக்கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. நல்ல பாம்பு கடித்தால் இமையும் நாக்கும் நெஞ்சும்தான் முதலில் செயல் இழக்குமாம், நினைவு போகாதாம். கண்ணை மூடிக் கிடந்தாலும் பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்கும் என்று டாக்டர் அழகம்மாளிடம் சொல்லியிருக்கிறார். மூச்சு நிற்பதற்குள் கொண்டுவந்து குழாய் வைத்திருந்தால், ஊசி போட்டு இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்திருப்பாளாம். எனக்கு மருத்துவம் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் வண்டியில் இல்லை.

டிராக்டரில் கயிறு கட்டி என் வண்டியை ஊருக்கு இழுத்து வந்தார்கள். முதல் தடவை. சாவு வீட்டுக்குப் போகிற ஜனம் அத்தனையும் அதைப் பார்த்தது. அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். சாவு ஏறாத வண்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. நம்பி ஏறினவளைக் கழுத்தறுத்த வண்டி என்றார்கள், ஓட்டை என்றார்கள், தகர டப்பா என்றார்கள். என் கையால் துடைத்த வண்டியை நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். முந்திரி மண்டிக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "நடுவழில நின்ன வண்டி, மனசுக்குச் சரியாப் படலங்க" என்று சொல்லிப் போனார்கள். எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அது எப்படியும் போய்விட்டது. சார்லஸின் குட்டி யானை மறுநாளே கழுவிவிட்டுச் சந்தைக்குப் போனது. அதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இது இன்னமும் கசக்கிறது.

கவியரசன் சிங்கப்பூரிலிருந்து வந்து காரியம் முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவன் என்னைத் தொடவில்லை. வண்டியின் பின் கதவை எட்டி எட்டி உதைத்தான். "ஒன்னய நம்பி ஏத்துனாங்களே" என்று வண்டியைப் பார்த்துத்தான் கேட்டான். கதவில் பெரிய சொட்டை விழுந்திருக்கிறது. அவன் உதைத்த ஒவ்வொரு உதையும் எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிரகதீஸ்வரி ஒரே ஒரு முறை கேட்டாள். "உங்க வண்டி நிக்காதே. எப்புடி நின்னுச்சு?"

பம்ப் போய்விட்டது என்றேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். முன் கதவைத் திறந்து குனிந்தாள், மேட்டைத் தூக்கிப் பார்த்தாள், எதையும் தொடாமல் அப்படியே மூடிவிட்டு வந்தாள். அன்று சமைத்து வைத்தாள். மறுநாள் இளமதியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அழகம்மாள் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. குழந்தை அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்கிறார்கள். அவள் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்காகவா, அந்தக் குழந்தைக்காகவா என்று தெரியவில்லை.

நீங்கள் வண்டியை இழுத்து வந்தபோதும் சுவிட்ச் அணைந்தேதான் இருந்தது. உங்கள் இன்ஸ்பெக்டர் சாவியைத் திருப்பிப் பார்த்தார், கிளம்பவில்லை, வயசாகிவிட்டது என்று எழுதிவிட்டார். இப்போது ஒருவரை அனுப்பிச் சீட்டுக்கு அடியில் கையை விடச் சொல்லுங்கள். வண்டி நிற்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். அதை என் வாயாலேயே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. அவள் போய்விட்டாள் என்று நிஜமாகவே நினைத்தேனா என்று கேட்பீர்கள். அழகம்மாள் காலைப் பிடித்துக்கொள்ள, நான் தோளைத் தாங்கித் தூக்கியபோது உடம்பு வெளியே வரவில்லை. எங்கேயோ மாட்டியிருக்கிறது என்று பார்த்தேன். அவளுடைய வலது கை சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. கண் மூடியிருந்தது, தலை தொங்கியது, விரல்கள் மட்டும் விடவில்லை. அழகம்மாள் அதைப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு விரலாக, நகம் ஒடிந்துவிடாமல், மெதுவாகப் பிரித்தேன். கடைசி விரலைப் பிரித்ததும் அந்தக் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. செத்தவள் பிடிக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும் அய்யா. சட்டையையும் விடுவித்துக்கொண்டுதான் அவளைத் தரையில் வைத்தேன்.

உயிர் என் வண்டியில் போகவில்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.